தேஜஸ்வியை எங்கிருந்து தொடங்குவது? புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்னட எழுத்தாளர் பூர்ணசந்திர தேஜஸ்வியைப் படிக்கலாம் என்று முடிவெடுத்துவிட்டு, சரி, ஏற்கெனவே படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாமே என்று போனால் குழப்பம்தான் மிஞ்சும். ‘கர்வாலோ’ மாதிரி ஒரு நாவல் கன்னடத்தில் வேறு இல்லை என்பார் ஒருவர். அது நாவலே இல்லை, நீட்டி எழுதிய காட்டுக்கதை என்பார் இன்னொருவர். பறவை, மீன், நாய் என்று எழுதியதில்தான் அவருடைய உயிர் இருக்கிறது, நாவலெல்லாம் அப்புறம்தான் என்று ஒரு சாரார் சொல்வார்கள். ‘சிதம்பர ரகசிய’த்தைப் படிக்காமல் அவரை இயற்கை எழுத்தாளர் என்று முத்திரை குத்துவதே அநியாயம் என்று இன்னொரு சாரார் கோபப்படுவார்கள். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அவரை ஒவ்வொரு புத்தகத்தில் தொடங்கியிருக்கிறார்கள், முதலில் படித்ததை வைத்து மற்றதையெல்லாம் அளக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் புதிதாக வருகிறவர் செய்ய வேண்டிய வேலை இரண்டு. எந்த வரிசையில் படிப்பது என்று முடிவு செய்வது ஒன்று, மற்றவர்களின் கருத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரிந்துகொள்வது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிறையப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மற்ற எழுத்தாளர்களுக்கு அது பரவாயில்லை, இவருக்கு ஒத்துவராது. 1938 செப்டம்பர் 8ஆம் தேதி, சிவமொக்கா மாவட்டத்துக் குப்பளியில் பிறந்தவர். அப்பா குவெம்பு, கன்னடத்துக்கு முதல் ஞானபீட விருதைக் கொண்டுவந்த கவி. மைசூரில் கன்னட இலக்கியத்தில் எம்.ஏ. முடித்த பையன், அப்பாவின் பெயரே கதவைத் திறந்துவிடும் ஒரு ஊரில் கல்லூரி வேலைக்குப் போகாமல், சிக்கமகளூர் மாவட்டத்து மூடிகெரேவுக்குப் போய்க் காபி பயிரிட்டார். 2007 ஏப்ரல் 5ஆம் தேதி இறந்ததும் அந்தத் தோட்டத்து வீட்டில்தான். நடுவில் உள்ள வருடங்களில் தூண்டில் போட்டார், பறவைகளைப் படம் பிடித்தார், ஓவியம் வரைந்தார், கணினியில் கன்னடம் சரியாக வர வேண்டும் என்று மல்லுக்கட்டினார், இதற்கெல்லாம் இடையில் எழுதினார்.

இது ஏன் முக்கியம் என்றால், அவர் காட்டைப் பார்க்கப் போன ஆள் கிடையாது. காட்டு ஓரத்தில் பிழைப்பு நடத்தியவர். பயிரில் பூச்சி விழும், கூலிக்கு ஆள் வராது, பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு வரப்புத் தகராறு வரும், அதே நாளில் ஒரு பறவை வந்து கிளையில் உட்காரும். இவை எல்லாமே அவர் எழுதும் பக்கத்தில் ஒன்றாகத்தான் வரும். ‘இயற்கையைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எப்போது பார்த்தாலும் ஊர் வம்பு பேசுகிறார்’ என்று அலுத்துக்கொள்ளும் வாசகர்கள் உண்டு. அந்த அலுப்பு வருவது இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான்.

கருத்துகளைப் படிக்கும்போது மூன்று கேள்விகள்

யாராவது தேஜஸ்வியின் புத்தகத்தைப் புகழ்ந்தாலோ குறை சொன்னாலோ, உடனே ஏற்றுக்கொள்ளாமலும் தள்ளிவிடாமலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

அவர் எந்த வயதில் படித்தார்? கர்நாடகத்தில் ஏராளமானவர்கள் இவரைப் பள்ளிக்கூட வயதில் படித்தவர்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் படித்த புத்தகத்தின் மேல் இருக்கும் பிரியம் தனி. அதைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை, ஆனால் முப்பத்தைந்து வயதில் முதல்முறை திறக்கும் உங்களுக்கு அதே பரவசம் முதல் பக்கத்திலேயே வந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

அடுத்தது, எந்த மொழியில் படித்தார்? இது நாம் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, அவர் எதைத் தேடிக்கொண்டு வந்தார்? ஆழமான மன ஓட்டம், தத்துவ விசாரணை, கவித்துவமான வரிகள் என்று தேடி வந்தவருக்கு இவர் ஏமாற்றமாகத்தான் இருப்பார். தேஜஸ்வி எழுதத் தொடங்கிய காலத்தில் கன்னடத்தில் நவ்யா என்ற நவீனத்துவ அலை ஓடிக்கொண்டிருந்தது. தனிமனிதனின் உள்ளுக்குள்ளேயே சுழலும் எழுத்து அது. இவருடைய ஆரம்ப கால நாவலான ‘ஸ்வரூப’ அந்தச் சாயலில்தான் இருக்கும். அப்புறம் அது போதும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, 1973இல் வந்த ‘அபசூரின போஸ்ட் ஆபீஸ்’ தொகுப்பிலிருந்து வேறு வழியில் நடந்தார். ‘பாத்திரங்களின் மனசுக்குள் போகவே மாட்டேன் என்கிறார்’ என்று ஒருவர் குறைப்பட்டால், குறை சரிதான், ஆனால் அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. அந்த வகை எழுத்துதான் வேண்டும் என்றால் அவருடைய சமகாலத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அங்கே போகலாம்.

தொடக்கம்: பரிசரத கதெ

என் தீர்மானமான சிபாரிசு இதுதான். பெயரை அப்படியே சொன்னால் சுற்றுச்சூழலின் கதை. 1991இல் வந்தது. பெயரைப் பார்த்து மாசு, காடழிப்பு, புள்ளிவிவரம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். மூடிகெரேயைச் சுற்றி அவர் அலைந்த அலைச்சல்களின் கதைகள் இவை. கிவி என்ற ஸ்பானியல் நாய், மாரா, பியாரா என்று கூட வரும் ஆட்கள், பைராவும் அவருடைய நாய்களும், குளம், வயல், தூண்டில். ‘கிவியோடு ஒரு பகல்’ என்ற கதையைத்தான் பலர் முதலில் சொல்வார்கள். மகள் சுஸ்மிதாவும் ஒரு பறவைக் குஞ்சும் வரும் கதை இன்னொன்று. குழந்தைகளுக்குப் படித்துக் காட்ட நினைப்பவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

இந்தப் புத்தகத்தைப் பற்றி வாசகர்கள் சொல்வதில் இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்பது ஒன்று. அது நிஜம். பியாரா வாய் திறந்தாலே ஏதோ ஒன்று நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். வேலையைச் சொன்னால் பாதி கேட்டுவிட்டு மீதியைத் தானே முடிவு செய்துகொள்ளும் ஆள். அவரை ஆசிரியர் கேலிப்பொருளாக்குவதில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். கடைசியில் பார்த்தால் காட்டைப் பற்றி எழுதுகிறவரைவிட அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும்.

மற்ற கருத்து, வேட்டையைப் பற்றியது. இன்றைய வாசகர்களில் கணிசமானவர்கள் இங்கே தயங்கி நிற்கிறார்கள். சூழலியல் எழுத்தாளர் என்று சொல்கிறீர்கள், துப்பாக்கியும் கையுமாகப் போகிறாரே என்கிறார்கள். நியாயமான கேள்வி, சப்பைக்கட்டுக் கட்ட வேண்டியதில்லை. இளமையில் அவர் வேட்டைக்குப் போனவர்தான். அந்தக் காலத்து மலநாட்டில், அதாவது கர்நாடகத்தின் மலைப்பகுதியில், அது சாதாரணம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே 1972இல்தான் வந்தது. பிற்பாடு அவர் பறவைகளுக்குப் பின்னால் கேமராவோடு போனார், மணிக்கணக்கில் ஒளிந்து உட்கார்ந்து படம் எடுத்தார். குறிவைக்கப் பழகிய கண்தான் பார்க்கவும் பழகியது என்று எனக்குத் தோன்றுகிறது. வேட்டைக் காட்சிகள் பிடிக்காவிட்டால் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போங்கள், தப்பில்லை. அதற்காக மொத்தப் புத்தகத்தையும் மூடிவிட வேண்டாம்.

இரண்டாவது: கர்வாலோ, கொஞ்சம் பொறுமையோடு

1980இல் வந்த சின்ன நாவல். நல்ல வேகத்தில் படிப்பவர் ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். ஆனால் முதல் கால்வாசியில் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். காரணம் இதுதான்: மூடிகெரேயின் தேன் சொசைட்டிக்குக் கதைசொல்லி தேன் வாங்கப் போவதில் நாவல் தொடங்குகிறது. விவசாயத்தில் நொந்துபோய், தோட்டத்தை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஆள் அவர். அங்கே மந்தண்ணா வருகிறான். தேனீ வளர்ப்பான், மாடு மேய்ப்பான், ஊரார் கண்ணில் உருப்படாதவன், அவனுக்கு ஒரு வேலை வேண்டும், கல்யாணம் ஆக வேண்டும். இப்படி ஊர்க்கதையாகவே போய்க்கொண்டிருக்கும். எங்கேதான் போகிறது இது என்று தோன்றும் நேரத்தில் கர்வாலோ என்ற விஞ்ஞானி வருகிறார், அவர் இந்த மந்தண்ணாவை மரியாதையோடு நடத்துகிறார். ஏன் என்ற கேள்விதான் நாவல்.

ஏன் என்றால், மந்தண்ணா காட்டில் எதையோ பார்த்திருக்கிறான். பறக்கும் ஓணான். படித்த விஞ்ஞானியின் கண்ணில் படாதது, பிழைக்கத் தெரியாதவன் என்று பேர் வாங்கிய பையன் கண்ணில் பட்டிருக்கிறது. அப்புறம் சமையல்காரர் பிரியாணி கரியப்பா, பாம்பு பிடிக்கும் யெங்க்டா, படம் எடுக்கும் பிரபாகரா, நம்ம பியாரா, கிவி நாய் என்று ஒரு வினோதமான கூட்டம் நார்வே என்ற பெயருள்ள காட்டுக்குள் (ஐரோப்பிய நாடு இல்லை) அதைத் தேடிப் புறப்படுகிறது. பரிசரத கதெயை முதலில் படிக்கச் சொன்னது இதற்காகத்தான். பியாராவும் கிவியும் ஏற்கெனவே பழகியவர்களாக இருப்பார்கள், அந்த ஊர்க்கதைப் பக்கங்கள் இழுவையாகவே தெரியாது.

ஒரு தகவலைத் தெரிந்துகொண்டு போனால் கடைசி அத்தியாயங்கள் இன்னும் நன்றாக இருக்கும். பறக்கும் ஓணான் கற்பனை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் இனம் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, நீளமான வால். மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. விலா எலும்புகள் பக்கவாட்டில் நீண்டிருக்கும், அவற்றுக்கு நடுவே மடிந்து கிடக்கும் தோல் விரிந்தால் இறக்கை மாதிரி ஆகிவிடும். இறக்கையை அடித்து மேலே ஏறாது, ஒரு மரத்தின் உச்சியிலிருந்து இன்னொரு மரத்தின் அடிப்பக்கத்துக்குச் சறுக்கிக்கொண்டு போகும். நாவலில் தேஜஸ்வி இந்த நிஜத்தின் மேல் காலத்தை ஏற்றிவைக்கிறார். பரிணாமத்தின் ஏதோ ஒரு படியில் நின்றுவிட்டு, கோடிக்கணக்கான வருடங்களைத் தாண்டி வந்த ஓர் உயிர் என்று அதைக் காட்டுகிறார். விலங்கியல் தெரிந்த சில வாசகர்கள் இந்த இடத்தில் விவரங்களைச் சரிபார்த்து மல்லுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சரிபார்க்கட்டும், ஆனால் நாவலில் அந்த ஓணானை விடப் பெரிய விஷயம், அதைப் பார்த்தவன் யார் என்பது.

முக்கியமான எச்சரிக்கை: கர்வாலோவைப் படிக்கும் முன் அதைப் பற்றிய கருத்துகளைப் படிக்காதீர்கள். பத்தில் எட்டுப் பேர் முடிவைச் சொல்லிவிடுவார்கள். ஆசையில்தான் சொல்கிறார்கள், அந்த முடிவு அவர்களை அப்படிப் பாதித்திருக்கிறது. ஆனாலும் நீங்கள் தெரியாமல் போய்ச் சேர வேண்டிய இடம் அது.

மூன்றாவது: சிறுகதைகள்

இரண்டு புத்தகங்கள் முடிந்ததும் தேஜஸ்வி என்றால் காடு, சிரிப்பு, தேடல் என்று ஒரு படம் மனசில் விழுந்திருக்கும். அது முழுப் படம் இல்லை. அதற்காகத்தான் இப்போது ‘அபசூரின போஸ்ட் ஆபீஸ்’ தொகுப்பு. தலைப்புக் கதையில் போபண்ணா என்ற கிராமத்துத் தபால்காரர் மற்றவர்களின் கடிதங்களைப் படிக்கத் தொடங்குகிறார், அதிலிருந்து விழும் முடிச்சுகள்தான் கதை. ஆனால் நீங்கள் தவறவே விடக்கூடாதது ‘தபரன கதெ’. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வேலை பார்த்த ஒரு கடைநிலை அரசு ஊழியர், ஓய்வு பெற்ற பிறகு பென்ஷனுக்காக அலைகிறார். மனைவிக்குச் சர்க்கரை நோய், காலில் புண் ஆறாமல் பரவுகிறது. பணம் வந்தால் வைத்தியம் பார்க்கலாம். கோப்பு நகரவில்லை. அலுவலகத்தில் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு விதி இருக்கிறது, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு இரவு தூங்கவில்லை என்று சொல்பவர்களை நம்புங்கள்.

1986இல் கிரீஷ் காசரவள்ளி இதைப் படமாக எடுத்தார். தபராவாக நடித்தவர் நம்ம சாருஹாசன், சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்கு இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. படத்தை முதலில் பார்த்தவர்கள் கதை சிறியதாக இருக்கிறது என்பார்கள், கதையை முதலில் படித்தவர்கள் படம் நீளம் என்பார்கள். கதையை முதலில் படியுங்கள்.

‘கிரகூரின கய்யாளிகளு’ என்ற நீள்கதையையும் இந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். வாயாடிகள் என்று பேர் வாங்கிய கிராமத்துப் பெண்கள், எதற்கும் உதவாத ஆண்களுக்கு எதிராகக் கிளம்பும் கதை. தேஜஸ்வியின் உலகம் ஆண்களின் உலகம், காட்டுக்குப் போவதும் தூண்டில் போடுவதும் ஆண்கள்தான், பெண்கள் வீட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் கொடுக்கிறார்கள் என்று பெண் வாசகர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அந்த விமர்சனத்தில் பெரிய அளவில் உடன்பாடுதான். இந்தக் கதை அதற்கு ஒரு பதில் மாதிரி இருக்கிறது, முழுப் பதில் என்று சொல்ல மாட்டேன்.

பெரிய நாவல்கள் இரண்டு

‘சிதம்பர ரகசிய’ (1985), ‘ஜுகாரி கிராஸ்’ (1994). வெளிவந்த வரிசையைத் திருப்பிப் போட்டு, ஜுகாரி கிராஸை முதலில் படியுங்கள். ஒரு திரில்லர் போல ஓடும். சுரேஷ், கௌரி என்று ஓர் இளம் தம்பதி, தங்கள் ஏலக்காயை விற்கக் கிளம்புகிறார்கள், ஏறக்குறைய ஒரே நாளில் எல்லாம் நடந்துவிடுகிறது. கடத்தல்காரர்கள், ரயில், காடு, பழைய கன்னட ஏட்டுச்சுவடி ஒன்றில் ஒளிந்திருக்கும் புதிர். இரண்டு மூன்று இடங்களில் தற்செயல்கள் கொஞ்சம் அதிகம், முடிவு சட்டென்று வந்துவிடுகிறது என்று சொல்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேகத்துக்காக மட்டும் படித்துவிட்டு வைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அந்த ஏலக்காய் மூட்டைக்குப் பின்னால் ஒரு முழுப் பொருளாதாரம் இருக்கிறது. காட்டிலிருந்து எது எதுவெல்லாம் யார் யார் கை வழியாக வெளியே போகிறது, விளைவித்தவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதைச் சாகசக் கதைக்குள்ளேயே சொல்லிவிடுகிறார்.

சிதம்பர ரகசியத்தில் அதே உலகம் இன்னும் இருட்டாக வருகிறது. கெசரூர் என்ற ஊர். ஏலக்காய் ஆராய்ச்சியாளர் ஜோகிஹாள் இறந்துபோகிறார், துப்பு விசாரிக்க சியாமநந்தனன் என்ற அதிகாரி வருகிறார், துப்பறியும் கதை போலத் தொடங்குகிறது. ஆனால் விசாரணை விரிய விரிய ஊரே பிரச்சினை என்று தெரிகிறது. சாதி, மதம், புரட்சி பேசும் இளைஞர்கள், ரஃபிக்கும் ஜெயந்திக்கும் இடையிலான காதல், அதைச் சுற்றிப் புகையும் பகை, இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கும் காடு. 1987இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். ‘பாத்திரங்கள் அதிகம், யார் யார் என்று குழம்புகிறது’ என்பதுதான் இதைப் பற்றி அடிக்கடி கேட்கும் புகார். ஒரு காகிதத்தில் பெயர்களைக் குறித்துக்கொண்டு படியுங்கள், ஐம்பது பக்கத்துக்கு மேல் அந்தக் காகிதம் தேவைப்படாது. இன்னொரு புகார், துப்பறியும் முடிச்சு முறையாக அவிழவில்லை என்பது. உண்மைதான், கொலைக்கு விடை தேடுகிறவர்களை நாவல் ஏமாற்றும். ஊருக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிறவர்களை ஏமாற்றாது. இவர் எழுதியதிலேயே பெரியது இதுதான் என்பது என் கருத்து. கர்வாலோ பிரியர்கள் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இந்த இரண்டையும் படித்துவிட்டு மறுபடி பரிசரத கதெயில் ஏதாவது ஒரு கதையை எடுத்துப் பாருங்கள். அங்கே சிரித்துக்கொண்டே கடந்துபோன ஒரு கூலித் தகராறோ, அரைகுறையாகச் சொன்ன ஒரு மரவெட்டுச் செய்தியோ இப்போது கனமாகத் தெரியும். இயற்கைப் புத்தகம், நாவல் என்று இவரை இரண்டாகப் பிரித்துப் பேசுவது பதிப்பகத்தாருக்கும் நூலகத்தாருக்கும் வசதி, படிக்கிறவருக்கு அதனால் லாபம் இல்லை. ஒரே ஆள் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தழுவல்களும் மற்றவையும்

கென்னத் ஆண்டர்சனின் வேட்டை அனுபவங்களைக் ‘காடின கதெகளு’ என்ற வரிசையில் நான்கு புத்தகங்களாகக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தார். இவற்றை மொழிபெயர்ப்பு என்று நினைத்து எடுத்து, மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அவர் செய்தது தழுவல், தன் நடையில் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஆண்டர்சனின் காடுகளில் பாதி நமக்கும் பக்கம்தான், ஜவளகிரி, பென்னாகரம் என்று பெயர்கள் வரும்போது ஓசூர், தர்மபுரிப் பக்கத்து வாசகர்களுக்குக் கூடுதல் சுவாரஸ்யம். கன்னடம் புதிதாகப் படிக்கப் பழகுகிறவர்களுக்கும் இவை நல்ல பயிற்சி, வாக்கியங்கள் நேராக இருக்கும், கதை இழுத்துக்கொண்டு போகும்.

‘அலெமாரிய அந்தமான் மத்து மஹாநதி நைல்’ பயண நூல், அந்தமான் பகுதிக்காகவே படிக்கலாம். ‘அண்ணன நெனப்பு’ (1996) அப்பாவைப் பற்றிய நினைவுகள், அவர்கள் வீட்டில் குவெம்புவை அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். மகாகவியைப் பற்றிய புத்தகம் என்று பயபக்தியோடு திறக்க வேண்டாம், மைசூர் ‘உதயரவி’ வீட்டில் வளர்ந்த ஒரு குறும்புக்காரப் பையனின் நினைவுகள் அவை. இதைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், மகனின் எழுத்து முழுக்கப் பழகிய பிறகு படித்தால் அப்பாவிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்பது தானாகப் புரியும். ‘மாயாலோக’வைத் தொடங்கும் முன் யோசியுங்கள். கடைசிக் காலத்துப் படைப்பு, தொடராகத் திட்டமிட்டது, முதல் பாகத்தோடு நின்றுவிட்டது. புதியவருக்கு அது சரியான இடம் இல்லை.

மொழிப் பிரச்சினை

இப்போது மேலே தள்ளிவைத்த விஷயம். இவருடைய புத்தகங்களில் சில தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்திருக்கின்றன, எல்லாம் வரவில்லை, வந்தவையும் எப்போதும் அச்சில் இருப்பதில்லை. கிடைப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு ‘நடை சப்பென்று இருக்கிறது’ என்று சொல்பவர்களின் கருத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். அவருடைய உரைநடை கன்னடத்திலும் எளிமையானதுதான், அலங்காரம் கிடையாது. உயிர் இருப்பது பேச்சில். மலநாட்டுக் கூலிக்காரர் ஒரு மாதிரி பேசுவார், உருது கலந்த கன்னடம் பேசும் பியாரா ஒரு மாதிரி, படித்த விஞ்ஞானி ஒரு மாதிரி. மொழிபெயர்ப்பில் எல்லோரும் ஒரே மாதிரி பேசிவிட்டால் நகைச்சுவை பாதி போய்விடும், யாருக்கு யார் மேல் என்ன அதிகாரம் என்பதும் மங்கிவிடும்.

இந்த இடத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் மொழிபெயர்ப்பு நமக்கு நெருக்கம், மரியாதைப் பன்மையும் ‘வாடா போடா’வும் அப்படியே வரும். பெங்களூரில் இருந்துகொண்டு கன்னடம் காதால் புரிகிறவர்களுக்கு இன்னொரு யோசனை: கன்னட நண்பர் யாரையாவது பரிசரத கதெயில் ஒரு கதையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பேச்சுப் பகுதிகள் காதில் விழுந்தாலே பாதி புரியும், மீதியைக் கேட்டுக்கொள்ளலாம். எழுத்துக் கற்றுக்கொண்டு நேரடியாகப் படிக்க விரும்பினால், அதற்கும் இவரைவிட நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

நீங்கள் கருத்துச் சொல்லும்போது

படித்து முடித்ததும் நீங்களும் நாலு பேரிடம் சொல்வீர்கள், சொல்ல வேண்டும். அப்போது எந்தப் புத்தகத்தில் தொடங்கினீர்கள், எந்த மொழியில் படித்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், அது ஒன்றே அடுத்தவருக்குப் பாதி உதவி. பிடிக்காதது இருந்தால் எந்தப் பக்கத்தில் பிடிக்காமல் போனது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ‘போர்’ என்ற ஒற்றை வார்த்தை யாருக்கும் பயன்படாது, ‘தேன் சொசைட்டிப் பக்கங்கள் நீளம், காட்டுக்குள் போனதும் சரியாகிவிட்டது’ என்றால் பயன்படும். கர்வாலோவின் கடைசி ஐந்து பக்கங்களில் என்ன நடக்கிறது என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்டாலும்.